கூண்டுக்கு அடியில் சாம்பல்

சுகாதார அலுவலகத்தில் அவருக்குக் 'கோழிக்காரர்' என்றுதான் பெயர். கொசு பரப்பும் வைரஸ் ஊருக்குள் நுழைந்துவிட்டதா என்று அறிய, வாய்க்கால் ஓரக் கூண்டில் ஆறு கோழிகளை வளர்த்து, வாரா வாரம் இறக்கையில் ரத்தம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது அவர் வேலை. மூன்று மாதமாக ஒன்றுக்கும் தொற்று இல்லை. மனிதர் மார்தட்டிக்கொண்டு திரிந்தார்.

பார்வையிட வந்த அதிகாரி கூண்டுக்கு அடியில் குனிந்தார். சாம்பல் சுருள் சுருளாகக் கிடந்தது.

"கொசுவத்தியா கொளுத்துறீங்க?"

"சாயங்காலமானா பிடுங்கி எடுக்குது சார். பாவம், வாயில்லா ஜீவன்."

"கடி வாங்கத்தானய்யா அதுங்கள வச்சிருக்கோம்."

முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் முழங்கையைச் சொறிந்துகொண்டே சொன்னாள்.

"கொசுவத்தி வாங்கிட்டு வாங்கன்னு மூணு மாசமா கரடியா கத்துறேன். பேசாம நானும் வாயில்லாமப் பொறந்திருக்கலாம்."