வாங்காமல் வந்த காகிதம்

என் மகளுக்கு அயர்லாந்தில் எம்.எஸ்சி. படிக்க இடம் கிடைத்தது. விசாவுக்கு ஒரு ஸ்பான்சர் வேண்டும் என்றார்கள். அவள் அப்பா இறந்து வெகுநாளாகிறது; என்னை விட்டால் ஆளில்லை. எனக்கோ வேலை போய் நான்கு மாதம்.

எங்கள் பக்கம் ஸ்பான்சர் என்றால் கபடிப் போட்டிக்குக் கோப்பை வாங்கித் தருகிறவர். நான் எப்படி அப்படி ஆவது என்று புரியாமலேயே, ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் கடை மாடியில் இருந்த விசா ஏஜென்சிக்கு அவளோடு போனேன்.

“ஸ்பான்சர்னா படிப்புச் செலவுக்குப் பொறுப்பு எடுத்துக்கிறவங்க, அவ்ளோதான். வேலை இல்லன்னாலும் பரவால்ல ஆன்ட்டி. பேங்க்ல இருக்கிற பணம் எப்டி வந்துச்சுன்னு காட்டணும்,” என்றாள் அங்கிருந்த பெண்.

“கம்பெனி குடுத்த செட்டில்மென்ட்,” என்றாள் மகள்.

“அப்போ ரிலீவிங் லெட்டர் வேணும்.”

“எனக்கு ரிலீவரே வரலம்மா,” என்றேன். “லைனையே நிறுத்திட்டாங்க.”

மகள் தலையில் கை வைத்தாள். “யம்மா, அது நீ பாத்ரூம் போனா உன் எடத்துல வந்து நிக்கிற ஆளு. இது, நீ வேலைய வுட்டு போயிட்டேன்னு கம்பெனி எழுதிக் குடுக்குறது.”

வல்லம் வடகாலில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில், சர்க்யூட் போர்டு டெஸ்டிங் லைனில் பதினாறு வருடம் நின்றவள் நான். ரிலீவர் வந்து பின்னால் நிற்காமல் அங்கே யாரும் நகரக் கூடாது. கடைசி நாளில் எச்.ஆர். தம்பி ஒரு கவரை நீட்டி, “ரிலீவிங் லெட்டர், சைன் பண்ணி வாங்கிக்கோங்கக்கா” என்றார். வாங்கினால், என் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டதாக நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன். லைன் மறுபடி ஓடினால் என்னைக் கூப்பிட மாட்டார்களே. அதைக் கேட்கவும் கூச்சம். கவரை வாங்காமலே டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். பணம் மட்டும் கணக்குக்கு வந்துவிட்டது.

மறுநாள் கம்பெனி வாசலில் செக்யூரிட்டி அண்ணன் மடக்கினார். “இன்னா தங்கச்சி, திரும்பவும் ஆள் எடுக்குறாங்களா?”

“இல்லண்ணா. நான் போயிட்டேன்னு எழுதி வாங்கலாம்னு வந்தேன்.”

“நல்லா கீது போ! அல்லாரும் வேலை கேட்டுகினு வராங்கோ, நீ வேலை இல்லன்னு கேட்டுகினு வர்றே.”

எச்.ஆர். தம்பி பழைய கவரையே தேடி எடுத்தார். பேனாவைப் பிடித்துக்கொண்டு ஒருவழியாகக் கேட்டேன். “லைன் ஓடுச்சுன்னா கூப்பிடுவீங்களா தம்பி?”

“மெஷினையே கழட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்கக்கா.”

கையெழுத்துப் போட்டேன்.

ஏஜென்சிப் பெண் அதை ஸ்கேன் செய்துவிட்டு, படிவத்தில் என் பெயருக்கு நேரே வேலையில்லை என்று தட்டினாள். இதைப் பார்த்து மகளுக்கு விசா தர மறுத்துவிடுவார்களோ என்று பயமாக இருந்தது.

ஐந்தாவது வாரம் விசா வந்தது. வேலை இல்லை என்று எழுதிக் கொடுத்ததால் வந்ததா, அப்படி எழுதிக் கொடுத்தும் வந்ததா என்று மகளிடம் கேட்டேன்.

“ரெண்டுந்தாம்மா,” என்றாள்.