தங்கக் கடிகாரத்துக்குள் ஒரு ஜன்னல்

அப்பா யாரையும் எதிர்த்துப் பேசி அதுவரை நான் பார்த்ததில்லை. கீழே இருந்த இரும்புச் சாமான் கடைக்காரர் எங்கள் படிக்கட்டு வாசலை மறித்துப் பெட்டிகளை அடுக்கி வைப்பார். அப்பா உடம்பை ஒருக்களித்து, பெட்டிகளுக்கு நடுவே நுழைந்து, அவருக்கு ஒரு வணக்கமும் வைத்துவிட்டு மேலே ஏறி வருவார். அப்படிப்பட்டவர் ஒரு ஓட்டல் மாடியில், அத்தனை பேருக்கு முன்னால், சுவிட்சர்லாந்திலிருந்து வந்த ஒரு வெள்ளைக்காரரைப் பார்த்து "முடியாது" என்று சொன்னபோது, நான் வாயில் போட்டிருந்த கேக்கை மெல்லவே மறந்துபோனேன்.

எனக்கு அப்போது பத்து வயது. எண்பதுகள் தொடங்கியிருந்தன. சிங்கப்பூரின் ஜாலான் புசார் சாலையில் அந்த இரும்புக் கடையின் மேல்மாடியில் குடியிருந்தோம். அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை. அப்பா நகரத்தில் விலையுயர்ந்த சுவிஸ் கைக்கடிகாரங்கள் விற்கும் கடையில் விற்பனையாளர். அங்கே இருந்தவை எல்லாம் சாவி கொடுத்தால் ஓடுபவை. அத்தைக்குக் காலாங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் டிஜிட்டல் கடிகாரங்களைப் பொருத்தும் வேலை. ஆக, எங்கள் வீட்டில் நேரத்துக்கு இரண்டு கட்சிகள் இருந்தன.

"அண்ணே, உங்க வாட்ச் இன்னிக்கு எவ்வளவு பின்னாடி போயிருக்கு?" என்று அத்தை வேலை முடிந்து வந்ததும் வராததுமாக ஆரம்பிப்பார்.

"உன் வாட்ச் பேட்டரி போனா செத்துப்போவும். என் வாட்ச் தூங்கும். எழுப்பினா எந்திரிக்கும்."

"ரெண்டு பேரும் வாங்க லா, சோறு ஆறுது. சோத்துக்கு எந்த வாட்சும் வேணாம்" என்று அம்மா இரண்டு கட்சிகளையும் கலைத்துவிடுவார்.

நான் அத்தை கட்சி. பள்ளியில் பாதிப் பேர் கையில் எண் கடிகாரம்தான். அத்தையும் எனக்கு ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார். பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பொம்மை நல்லா இருக்கு" என்றார்.

அப்பா விற்பதை ஒரு சனிக்கிழமை நேரில் பார்த்திருக்கிறேன். மருத்துவர் ஒருவர் தன் மகனோடு வந்திருந்தார். அப்பா கடிகாரத்தை அவர் மணிக்கட்டில் கட்டவில்லை. உள்ளங்கையில் வைத்து, காதருகே கொண்டுபோகச் சொன்னார். விலையைப் பற்றியே பேச்சு எழவில்லை. "இதை உங்க பேரன் கட்டுவான், சார்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். அந்த மருத்துவரின் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது, இல்லாத பேரனை அப்பா அந்தக் கடைக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டதுபோல் இருந்தது.

ஆனால் கடையில் கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. துல்லியமாக நேரம் காட்டும் மலிவான கடிகாரம் சாலையோரத்திலேயே கிடைக்கும்போது, யார் பெரிய கடைக்குள் வரப்போகிறார்கள்? சுவிஸ் நிறுவனம் யோசித்து, ஒரு புது மாதிரியைச் செய்திருந்தது. அதைக் காட்டுவதற்காக நிறுவனத்துப் பெரிய மனிதர் ஒருவர் வந்தார். கடை ஊழியர்கள் எல்லாரும் குடும்பத்தோடு ஓட்டலில் தேநீர் விருந்துக்கு வரலாம் என்று கடையின் சீன முதலாளி சொல்லியிருந்தார். அத்தையும் எங்களோடு வந்தார். அவர் கட்டியிருந்த சேலைதான் அங்கே எல்லாவற்றையும்விடப் பளபளப்பாக இருந்தது.

வெல்வெட் விரித்த தட்டில் அது வந்தது. தங்கத்தில் கைக்கடிகாரம். மேலே வழக்கமான இரண்டு முட்கள். கீழே, அந்தத் தங்க முகத்தைச் சதுரமாக வெட்டி, சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன ஜன்னல் வைத்திருந்தார்கள். ஜன்னலுக்குள் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பாவின் கடையும் அத்தையின் தொழிற்சாலையும் ஒரே கடிகாரத்துக்குள் இருந்தன! எங்கள் வீட்டுச் சண்டை சுவிட்சர்லாந்து வரைக்கும் போய்த் தீர்ந்துவிட்டது என்றே நினைத்தேன். அத்தை அப்பாவை முழங்கையால் இடித்தார்.

"பாத்தீங்களா அண்ணே? கடைசில உங்காளுங்களே எங்ககிட்ட வந்துட்டாங்க."

அப்பா சிரிக்கவில்லை.

வெள்ளைக்காரர் மேசை மேசையாக வந்தார். எங்கள் மேசையில் குனிந்து, கடிகாரத்தை என் முன்னால் நீட்டி, மணி என்ன என்று கேட்டார். நான் முட்களைப் பார்க்கவேயில்லை. ஜன்னலைப் பார்த்து நொடியோடு சேர்த்து ஒப்பித்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். முதலாளி என் தலையைத் தடவினார். வெள்ளைக்காரர் அப்பாவின் பக்கம் திரும்பி, இங்கே நீண்ட நாளாக இருப்பவர் நீங்கள்தானாமே, உங்கள் வாடிக்கையாளர்களுக்கு இதைப் பற்றி என்ன சொல்வீர்கள் என்று கேட்டார்.

அப்பா கடிகாரத்தைக் கையில் வாங்கினார். காதருகே கொண்டுபோனார். அதில் கேட்க ஒன்றும் இல்லை போலிருக்கிறது. உடனே இறக்கிவிட்டார்.

"சார், இந்த எண் எத்தனை வருஷம் தெரியும்?"

"பத்து வருஷம் தாராளமாக."

"அதுக்கப்புறம்?"

"அந்தப் பாகத்தை மாற்றிக்கொள்ளலாம்."

"அப்பவும் அந்தப் பாகத்தைச் செஞ்சுக்கிட்டு இருப்பீங்களா?"

வெள்ளைக்காரர் சிரித்தார். அதற்குள் இதைவிட நல்லதாக ஒன்று வந்திருக்குமே, வாடிக்கையாளர் அதை வாங்கிக்கொள்வாரே என்றார். முதலாளியும் சிரித்தார். அப்பா கடிகாரத்தைத் தட்டில், இருந்த இடத்திலேயே வைத்தார்.

"அப்படின்னா இதை என்னால விக்க முடியாது, சார். பட்டுச் சேலையில சட்டைப் பை வச்சுத் தைச்ச மாதிரி இருக்கு."

ஆங்கிலத்தில்தான் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அந்த மாடி முழுவதும் கேட்டுவிட்டது. யாரோ கரண்டியைத் தட்டில் வைத்த சத்தம் எனக்கு இடி மாதிரி கேட்டது. முதலாளியின் சிரிப்பு போகும் இடம் தெரியாமல் முகத்திலேயே நின்றுவிட்டது. வெள்ளைக்காரரின் கழுத்திலிருந்து மேல்நோக்கிச் சிவப்பு ஏறியது. மேசைக்கு அடியில் அம்மா என் கையைப் பிடித்திருந்தார். அவருடைய நகம் என் தோலில் பதிந்தது. அது என் கை என்பதே அவருக்குத் தெரியவில்லை.

வீடு திரும்பும்போது அத்தை பேருந்தில் வேறு இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டார். மாடிக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"அப்ப நான் செய்யுறதெல்லாம் குப்பையாண்ணே? அந்தக் குப்பையிலதான் இந்த வீட்டுல பாதி அடுப்பு எரியுது."

"நான் உன்னச் சொல்லல."

"வேற யாரச் சொன்னீங்க? உங்க தங்கத்துல எங்க நம்பர் பட்டா தீட்டு, அதானே?"

அத்தை அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றிலிருந்து அவர் அப்பாவோடு பேசவில்லை. குழம்பு ஊற்றவேண்டும் என்றால்கூட, "ஒங்கப்பாவுக்குக் கொழம்பு வேணுமான்னு கேளு" என்று என்னிடம்தான் சொல்வார். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

அடுத்த வாரம் நான் பள்ளியிலிருந்து வந்தபோது, நட்ட நடுப்பகலில் அப்பா கைலியோடு வீட்டில் இருந்தார். யாரோ இறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். சாவு வீட்டைத் தவிர வேறு எதற்கும் அப்பா கடைக்கு விடுப்பு எடுத்ததில்லை. அம்மா தலையைத் தூக்காமல் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"வேலைய விட்டுட்டேன்ம்மா" என்றார் அப்பா என்னிடம்.

"பாஸ் ஏசிட்டாராப்பா?"

"இல்லம்மா. ஏசல. சிரிச்சுக்கிட்டே வித்தா போதும்னாரு. அதுதான் முடியலன்னேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சிரிப்பது அவ்வளவு கடினமா? அப்பா நாள்தோறும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வேலை தேடிப் போனார். போன கடைகளில் எல்லாம் பேட்டரி கடிகாரம்தான். சாயங்காலம் பெட்டிகளுக்கு நடுவே நுழைந்து திரும்பி வருவார். வணக்கம் வைப்பதை மட்டும் விடவில்லை.

ஒரு நாள் அம்மாவும் நானும் தேக்கா சந்தையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். தொழிற்சாலை வண்டி சாலையோரம் நின்றது. வெளிர் நீலச் சீருடையில் பெண்கள் இறங்கினார்கள். நடுவே அத்தை. அவருக்குப் பின்னால், அதே வெளிர் நீலத்தில், தொப்பியைக் கையில் பிடித்தபடி அப்பா.

கூடையை விட்டுவிட்டேன். தக்காளிகள் கடைகளை ஒட்டிய ஐந்தடிப் பாதையில் உருண்டு ஓடின. இரண்டு பெண்கள் குனிந்து பொறுக்கிக் கொடுத்தார்கள். நான் குனியவேயில்லை. தங்கத்துக்கு முன்னால் டை கட்டி நின்ற அப்பாவை அந்தச் சீருடையில் பார்த்துக்கொண்டே நின்றேன். அதைவிட அதிர்ச்சி, அண்ணனும் தங்கையும் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்ததுதான்.

"யாரும்மா அப்பாவுக்கு அங்க வேலை கேட்டா?"

"உங்கத்தைதான். வேற யாரு கேப்பா?" என்றார் அம்மா. அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

தயாரான கடிகாரங்களைப் பெட்டியில் போட்டு அடுக்கும் வேலை. அன்று சாப்பிடும்போது அப்பா பேசிக்கொண்டே இருந்தார்.

"கையில எடுத்தா அவ்வளவு லேசா இருக்கு. மழையில நனையலாம், மீன் கழுவும்போதும் கட்டிக்கலாம். நல்ல சாமான்."

எனக்கு ஆத்திரமாக வந்தது. "அப்புறம் ஏம்ப்பா அன்னிக்கு அந்தத் தங்க வாட்ச் வேணான்னீங்க?"

"இத வாங்குறவங்க யாரும் பேரனுக்கு வருமான்னு எங்கிட்ட கேக்கப் போறதில்ல. அங்க கேப்பாங்க. நாந்தானே பதில் சொல்லணும்?"

அத்தை தன் தட்டிலிருந்த பெரிய மீன் துண்டை எடுத்து அப்பாவின் தட்டில் வைத்தார்.

சில மாதங்கள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்திருந்தோம். பலகைப் படிகளில் யாரோ மூச்சு வாங்க ஏறிவரும் சத்தம் கேட்டது. முதலாளி! ஒரு கையில் ஆரஞ்சுப் பழங்கள். மறு கையில், மணிக்கட்டில், அந்த ஜன்னல் வைத்த தங்கக் கடிகாரம். அம்மா அவசரமாக நாற்காலியைத் துடைத்தார். அத்தை காப்பி போடப் போனார்.

அவரும் அப்பாவும் எப்போதும்போல மலாயில்தான் பேசினார்கள். புதுக் கடிகாரம் நன்றாக விற்கிறது என்றார் முதலாளி. குத்திக்காட்டவில்லை, தகவலாகத்தான் சொன்னார். அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அப்படியானால் அப்பா நினைத்தது தவறா என்று நான் திகைத்தேன். முதலாளி தொடர்ந்தார்.

"திரும்பி வா. புதுசை நீ தொடவேண்டாம். பழைய மாதிரிகளை மட்டும் பார்த்துக்கொள்."

"நான் அங்க நின்னா, வர்றவங்க எங்கிட்டதான் கேப்பாங்க பாஸ், அந்தப் புதுசு எப்படின்னு. கேட்டா நான் சொல்லிடுவேன். உங்களுக்கு நல்லதில்ல."

முதலாளி ஆரஞ்சுப் பழங்களை மேசையில் வைத்தார்.

"இப்போதும் உன்னைத்தான் கேட்கிறார்கள். அவர் எங்கே, ஏன் போனார் என்று. நான் என்ன சொல்ல? உண்மையைச் சொன்னால் இதை யார் வாங்குவார்கள்?"

அப்பா முதலாளியின் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "ஊருக்குப் போயிட்டேன்னு சொல்லுங்க. அங்க நிலம் இருக்கு, அதைப் பாத்துக்கப் போயிட்டேன்னு சொல்லுங்க" என்றார்.

அப்பா பிறந்ததே சிங்கப்பூரில்தான். எங்களுக்கு நிலம் என்று இருந்ததெல்லாம் சமையலறையில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி. பல் துலக்காமலே துலக்கினேன் என்று சொன்னதற்காக என்னைப் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்கு அனுப்பியவர் அவர். ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக, பூசை பார்த்துவிட்டு வந்த வாயால், கண்ணிமைக்காமல் ஒரு பொய்யைச் சொல்கிறார். சொல்லிக்கொடுக்கவும் செய்கிறார்!

முதலாளி எழுந்தார். அப்பாவின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் எடுத்துக்கொண்டார். அவர் கண்கள் சிவந்திருந்தன. பிறகு காப்பியைக் குடிக்காமலேயே படியிறங்கிப் போய்விட்டார்.

"அப்பா பொய் சொன்னதுக்கு அவரு ஏன் அழுறாரு?" என்று அத்தையிடம் கேட்டேன். அத்தை காப்பிக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அடுத்த சனிக்கிழமை அப்பா பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றார். எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது. செய்த தப்பு அவருக்கே தெரிந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். அந்தப் பொய்யை அவர் யாருக்காகச் சொன்னார் என்பதைப் பற்றி மட்டும் அந்த வயதில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.