கறுப்புத் திரையில் நான்கு பேர்

பொய் சொல்வதில் என் மாமாவை மிஞ்ச பினாங்குத் தீவில் ஆள் கிடையாது. அம்மாவின் தம்பி அவர். பாயான் பாருவில் எங்கள் அடுக்குமாடி வீட்டிலேயே தங்கி, பக்கத்திலிருந்த மின்னணுத் தொழிற்சாலைக்குப் பகலில் வேலைக்குப் போய்வந்தார். காரியம் சாதிக்க அவர் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. சின்னப் பிள்ளைகள் கண்ணை அகல விரிப்பதைப் பார்க்க அவருக்கு அவ்வளவு ஆசை. எனக்கு அப்போது எட்டு வயது. கண்கள் வேறு பெரியவை.

அங்கங்கே கிடைத்த பழைய பாகங்களைக் கோத்து வீட்டுக்கு ஒரு கணினி செய்தார் மாமா. அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டார். என் தோழிகள் வீட்டுக் கணினிகள் திறந்ததும் பாட்டும் வண்ணமுமாக வரவேற்கும். எங்களுடையது இருட்டிக்கொண்டு நிற்கும். பிறகு திரையின் இடது மேல் மூலையில் நான்கு பெங்குயின்கள் தொப்பையும் மஞ்சள் காலுமாக வரிசையாக வந்து உட்காரும். அவற்றுக்குக் கீழே வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடும். எழுத்து எவ்வளவு ஓடினாலும் அவை அசையாது. கொஞ்ச நேரத்தில் எல்லாம் மறைந்து, சாதாரணத் திரை வந்துவிடும்.

"ஏன் மாமா நாலு?"

"வீட்டுல எத்தனை பேரு? அதுக்குத் தெரியும் லா, பாப்பா."

அப்பா, அம்மா, மாமா, நான். கணக்குச் சரியாக இருந்தது. முதலாவது அப்பா, கடைசி நான் என்று நானே இடம் பிரித்துக் கொடுத்தேன். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினால், "எனக்கு வேற வேலையில்லையா?" என்று சமையலறைக்குப் போய்விடுவார்.

அந்த வருடமே அப்பாவுக்குச் சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் வேலை கிடைத்தது. "நல்லதுதானே" என்றார் அம்மா. பேருந்து நிலையத்தில் எல்லார் முன்னாலும் அதையே சொன்னார். வீட்டுக்குத் திரும்பிய பிறகு, யாரும் கேட்காமலே இன்னொரு தடவையும் சொன்னார். நான் மட்டும் ஊரைக் கூட்டி அழுதேன்.

மறுநாள் கணினியைத் திறந்தேன். நான்கு பெங்குயின்கள்! எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அப்பா இல்லாத வீடு எனக்குத் தாங்க முடியாமல் இருக்க, இந்தப் பெட்டிக்கு அவர் போனதே தெரியவில்லை. மாமா வேலை முடிந்து வந்ததும் வராததுமாக, "நீங்க பொய் சொன்னீங்க" என்றேன்.

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். மாமாவுக்கு அது மானப் பிரச்சினை. கணினியின் மூளையாக இருக்கும் சில்லுக்குள் நான்கு பகுதிகள் உண்டு, பகுதிக்கு ஒன்றாக லினக்ஸ் பெங்குயின் காட்டும், வீட்டு ஆட்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவரோ, "அதுக்கு இன்னும் தகவல் போகல பாப்பா. நாளைக்குப் பாரு" என்றார்.

மறுநாள் பார்த்தால் மூன்றுதான் இருந்தன. நான் தூங்கிய பிறகு கணினியின் அமைப்புக்குள் புகுந்து சில்லின் நான்கு பகுதிகளில் ஒன்றை அவர் அணைத்துவிட்டார் என்பது பல வருடங்கள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஆனால் ஒரு குளறுபடி. காணாமல் போனது வரிசையின் கடைசிப் பெங்குயின். அதாவது நான்.

"அப்பா எந்திரிச்சுப் போனதும் எல்லாரும் ஒரு இடம் தள்ளி உக்காந்துட்டாங்க" என்றார் மாமா, கண் இமைக்காமல். நான் நம்பினேன். சோபாவில் அப்பாவின் மூலையில் அப்போது மாமாதான் உட்கார்ந்திருந்தார்.

இரண்டு மூன்று நாள் போயிருக்கும். இரவுச் சாப்பாட்டின்போது அம்மா தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "தம்பி, அந்தக் கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோவாயிருச்சு. பழைய மாதிரி ஆக்கிடு."

மாமாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அம்மா அந்தக் கணினியைத் தொட்டதெல்லாம் தூசி துடைக்கத்தான்.

"ஸ்லோவா இருந்தா உங்களுக்கு என்னக்கா?"

"பழைய மாதிரி ஆக்குன்னா ஆக்கு லா!"

அம்மா அப்படி அதட்டி நான் கேட்டதில்லை. மாமா எழுந்தார். கை கழுவிவிட்டு நேரே கணினியிடம் போனார். காலையில் நான்கு பேரும் இருந்தார்கள். அப்பாதான் சிங்கப்பூரிலிருந்து ஃபோன் பண்ணிப் பேரைச் சேர்க்கச் சொன்னார் என்று என்னிடம் சொன்னார் மாமா. அப்பாவின் செல்வாக்கை நினைத்து எனக்கு ஒரே பெருமை.

பள்ளிக்கூடம் விட்டு வந்து கணினியைத் திறக்கப் போனால், சில நாள் பெட்டி இளஞ்சூடாக இருக்கும். பினாங்கு வெயில் என்று நினைத்துக்கொள்வேன்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. என் புத்தகங்கள், மாமாவின் திருப்புளிகள், கீழே நின்ற அப்பாவின் மோட்டார் சைக்கிள் எல்லாவற்றுக்கும் அம்மா சந்தனமும் குங்குமமும் வைத்தார். கணினிப் பெட்டிக்கும் வைத்தார். அதோடு விடாமல், அணைந்து கிடந்த திரையின் மூலையில் மோதிர விரலால் சின்னச் சின்னதாக வரிசையாகப் பொட்டு வைக்க ஆரம்பித்தார்.

"அக்கா! ஸ்கிரீன்ல வைக்காதீங்க, கெட்டுப் போயிரும்!" என்று மாமா அலறிக்கொண்டு ஓடி வந்தார். அதற்குள் நான்கு பொட்டு ஆகிவிட்டது. துடைக்க நீண்ட அவர் கையை அம்மா தட்டிவிட்டார்.

பூஜையில் வைத்ததை அன்று தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். மறுநாள் விஜயதசமி, குளித்துவிட்டு முதல் வேலையாகக் கணினியைத் திறந்தேன். அம்மா ஈரக் கையோடு பின்னால் வந்து நின்றார். திரை கறுத்தது. பெங்குயின்கள் வந்தன. நான்கு நெற்றியிலும் பொட்டு!

ஒன்றுகூடத் தப்பவில்லை. மூக்கில் இல்லை, வயிற்றில் இல்லை, நட்ட நடு நெற்றியில். நான் துள்ளிக் குதித்துக் கைதட்டினேன். "அம்மா, குருட்டாம்போக்குல வச்சீங்க, எல்லாம் கரெக்டா விழுந்திருக்கு! உங்களுக்கு என்னா லக்கு!"

"ஆமா, லக்குதான்" என்றார் அம்மா. பெங்குயின்கள் மறையும்வரை நின்றுவிட்டு, பசியாற என்ன வேண்டும் என்று கேட்டார்.

அப்பா தீபாவளிக்கு வந்தபோது வாசலிலேயே அவரைப் பிடித்துக்கொண்டு இந்தக் கதையைத்தான் முதலில் சொன்னேன். நம் அம்மாவைப் போல அதிர்ஷ்டக்காரி யாருமில்லை என்றேன். அப்பா பையைக் கீழே வைக்க மறந்து அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் சொன்னது அவர் காதில் சரியாக விழவில்லை போலும் என்று, முதலிலிருந்து மறுபடி சொல்லத் தொடங்கினேன்.