காதில் வடிந்த தண்ணீர்

கற்பிட்டியில் எங்களைப் போன்ற சுழியோடி வீடுகளில் காதுத் தண்ணீரைப் பற்றி யாரும் அலட்டிக்கொள்வதில்லை. கடலுக்கடியில் மூழ்கிக் கடலட்டை எடுக்கப் போன ஆண்கள் திரும்பி வந்ததும், சூடாக்கிய துணியில் காதை வைத்துச் சரிந்து படுப்பார்கள். உள்ளே நின்ற கடல் தண்ணீர் வடிந்துவிடும். அன்றும் அப்படித்தான் நினைத்தோம். என் கணவர் மேலே வரும்போது வள்ளத்தின் அடியில் தலை மோதியிருந்தது. காதுக்கு மேலே சின்ன வீக்கம், வேறு காயமில்லை. நான் துணியைச் சூடாக்கிக் கொடுத்தேன்.

துணி நனைந்தது. மாற்றினேன், அதுவும் நனைந்தது. முதலில் லேசான சிவப்பு, பிறகு வெறும் தண்ணீர். "கடலையே காதுக்குள்ள கொண்டு வந்தீங்களா?" என்று பகிடி பண்ணினேன். மறுநாள் காலையில் அவருடைய காதுக்குப் பின்னால் நீலமாகக் கன்றியிருந்தது. அந்த இடத்தில் அடிபடவேயில்லை. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

சிலாபம் ஆஸ்பத்திரியில் டொக்டர் காதைப் பார்த்துவிட்டு, "இது கடல் தண்ணி இல்லம்மா, மூளையச் சுத்தி இருக்கிற தண்ணி" என்றார். ஸ்கேனில் காதோரத்து எலும்பு மெல்லியதாக வெடித்திருந்தது. கசிவு தானாக நிற்கக்கூடும். ஆனால் உள்ளே இரத்தம் கட்டினாலோ கிருமி ஏறினாலோ உயிருக்கே ஆபத்து. காதில் பஞ்சு அடைக்கக் கூடாது, மூக்குச் சீறக் கூடாது. "ஆள் சோர்ந்து போனா, பேச்சுக் குழறினா உடனே கூப்பிடுங்க" என்றார்.

தாதி மணிக்கு மணி வந்து கண்ணில் டோர்ச் அடிப்பார். கையை இறுக்கிப் பிடிக்கச் சொல்வார், பெயர் கேட்பார். ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர் அடுத்த நாள் மத்தியானம் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தார்.

"இஞ்சாருங்க" என்றேன். அசைவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன். யா அல்லாஹ், அப்போதும் கண் திறக்கவில்லை. எங்கள் வீடுகளில் பெண்கள் கணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கல்யாணம் முடித்த நாளிலிருந்து நானும் கூப்பிட்டதில்லை. அன்று வார்ட்டே திரும்பிப் பார்க்க, அந்தப் பெயரைச் சொல்லிக் கத்தினேன்.

கண்ணைத் திறந்தார். "என்ன புள்ள இது, ஆக்களுக்கு முன்னால பேரச் சொல்லிக் கூப்பிடுறாய்? உனக்கு மரியாத தெரியாதா?"

தாதி ஓடிவந்து அவரிடம் பெயரைக் கேட்டார்.

"அதான் இவ ஊருக்கே சொல்லிட்டாவே!"

இரவெல்லாம் மணிக்கு மணி எழுப்பியதில் அசந்து தூங்கிவிட்டாராம். இன்னும் ஏசிக்கொண்டே இருந்தார். ஒரு சொல்கூடக் குழறவில்லை. நான் அழுதுவிட்டேன்.