கொலைகாரருக்கு மரியாதை

மாத்திரையை இரண்டாக வெட்டியதுதான் அம்மாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை. ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேசை. அப்பாவுக்கு ரத்த அழுத்தத்துக்கு தினமும் அரை மாத்திரை. அம்மா மாத்திரையின் நடுக்கோட்டில் கத்தியை வைத்துப் பிடித்தாள், மகள் அழுத்தினாள். மகள் தனியாக இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து போவாள். அவளுக்கு எடைக்கருவிகளைச் சரிபார்க்கும் ஆய்வகத்தில் வேலை.

"ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு. இதுக்குப் பேரு அரையாம்மா?"

"உங்கப்பா ரத்தத்துக்கு அதெல்லாம் தெரியாது. நீ அழுத்து."

இரண்டு மாத்திரை ஆனதும் அம்மா குரலைத் தாழ்த்தினாள். "இதுல எத்தனை உள்ள போனா ஆள் காலி?"

"ம்மா."

"கதைக்குடி."

"உன் கதையிலதான் பூட்டி வெச்சே கொன்னாச்சே. மாத்திரை எதுக்கு?"

"சும்மா கேட்டு வெச்சுக்கறேன். அடுத்த கதைக்கு ஆகும்."

உள்ளறையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "அங்க என்ன குசுகுசு?"

"மாத்திரைங்க," என்றாள் அம்மா.

அடுத்த வியாழக்கிழமை அம்மா இல்லை.

அம்மா ஒரு பெரிய மருத்துவமனையின் ஆவண அறையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தாள். அறை தரைக்குக் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது. கூரை வரைக்கும் இரும்பு அடுக்குகள், அடுக்கு நிறைய நோயாளிகளின் கோப்புகள். ஒரே கதவு, அதன் தாழ்ப்பாள் வெளிப்பக்கம். கட்டும்போது அது மருந்துக் கிடங்காக இருக்க வேண்டிய இடமாம். தாழ்ப்பாளை மாற்றச் சொல்லி அம்மா எழுதிக் கொடுத்த மனு அந்த அறையிலேயே ஒரு கோப்பில் இருந்தது.

கூட்டிப் பெருக்குகிறவர்கள் ஆள் இருப்பது தெரியாமல் அவளை இரண்டு தடவை உள்ளே வைத்துத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்கள். முதல் தடவை கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கியது. இரண்டாம் தடவை அவள் தட்டவில்லை. கதவு திறக்க ஒரு மணி இருபது நிமிஷம் ஆனது. அதற்குள் காலி விண்ணப்பத் தாள்களின் பின்பக்கத்தில் முதல் அத்தியாயத்தை எழுதி முடித்துவிட்டாள். அப்போது அவளுக்கு ஐம்பத்து நாலு வயது.

கதை இதுதான். ஆவண அறையில் ஒரு பெண் செத்துக் கிடக்கிறாள். அவளுக்கு இளைப்பு நோய். அவள் மூச்சோடு உறிஞ்சும் மருந்து வெளியே மேசைமேல் இருக்கிறது. கதவு வெளியே தாழிட்டிருக்கிறது. சந்தேகம் மூன்று பேர்மேல்: காவலாளி, டாக்டர், மேலாளர். தாழ் போட்டது மேலாளர். அது கடைசி அத்தியாயம் வரை வாசகருக்குத் தெரியக் கூடாது.

எழுத இடம்தான் இல்லை. அப்பா ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக முப்பத்தொரு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு வீட்டுக் கதவு அவர் பொறுப்புக்கு வந்தது. அம்மாவின் பஸ் ஆறு பத்துக்கு வரும். ஆறே காலுக்கு அவள் உள்ளே வந்ததும் பூட்டுவார், சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். காலையில்தான் திறப்பார். அடித்ததில்லை, கத்தியதில்லை. பூட்டினார், அவ்வளவுதான். ஏதாவது வாங்க மறந்துவிட்டால் அவரே போய் வாங்கி வருவார், போகும்போதும் பூட்டிக்கொண்டு.

"நான் ஒரு சாவி செஞ்சு தரேம்மா," என்று மகள் ஒருநாள் சொன்னாள். "அச்செடுத்தா அரை மணி நேர வேலை."

"சாவி இருந்தா மட்டும் கிளம்பிடுவேனாக்கும். எங்க போறேன்னு கேட்டா என்ன சொல்றது? போறதுக்கு இடம் வேணாமா?"

ஆகவே பஸ்ஸில் எழுதினாள். தினமும் நாற்பது நிமிஷம். அந்த பஸ்ஸின் டிரைவர் ஆறு மாதம் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார். ஒருநாள் நோட்டிலிருந்து ஒரு தாள் நழுவி அவர் காலடிக்குப் போயிற்று. எடுத்துப் படித்துவிட்டுத்தான் கொடுத்தார்.

"அக்கா, உடம்பு விறைக்க ஒரு மணி நேரமெல்லாம் பத்தாது. கொஞ்சம் கூடப் போடுங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நானும் நாலு பேரைக் கொன்னிருக்கேன். ஒண்ணும் முடியல. எல்லாம் பாதியிலயே நிக்குது."

அவர்தான் அவளை சனிக்கிழமைக் கூட்டத்துக்கு அழைத்துப் போனார். நூலக மாடியில் ஒரு சின்ன அறை, மொத்தம் மூன்று பேர். மூன்றாவது ஆள் ஒரு பல் டாக்டர் அம்மாள். நோயாளி வாயைப் பிளந்தபடி மரத்துப்போகக் காத்திருக்கும் நேரத்தில் விஷக் கதை யோசிப்பவர். அம்மாவுக்கு சனிக்கிழமை அரைநாள் வேலை. வீட்டில் முழுநாள் என்று சொல்லிவைத்தாள். இருபத்தாறு வருடத்தில் அவள் சொன்ன ஒரே பொய் அதுவாகத்தான் இருக்கும். ஒரு வார இதழ் மர்ம நாவல் போட்டி அறிவித்திருந்தது. ஆறு மாதம் கழித்து, முப்பதாம் தேதி, கடைசி நாள். மூவரும் அதற்குள் ஆளுக்கொன்று முடிப்பதாகப் பேச்சு.

மூன்றாம் அத்தியாயம் படித்து முடித்ததும் டிரைவர் தாளைக் கீழே வைத்தார்.

"மேலாளர்தானே?"

அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. "எதை வெச்சுச் சொல்றீங்க?"

"காவலாளி வந்தான், டாக்டர் போனான். மேலாளர் மட்டும் வந்தார், உட்கார்ந்தார், தலையைச் சொறிந்தார். கொலைகாரருக்கு இவ்வளவு மரியாதை எந்தக் கதையிலயும் பாத்ததில்லக்கா."

பல் டாக்டர் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் எழுந்து ஜன்னலுக்குப் போனார். அம்மா தாள்களைப் புரட்டிப் பார்த்தாள். உண்மைதான். அவள் கை அவளைக் கேட்காமலே எழுதியிருந்தது. மேலாளர் பேசும் விதமும் செருப்பைக் கழற்றி வைக்கும் விதமும் யாருடையது என்று மற்ற இருவருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

"எல்லாருக்குமே 'ர்' போட்டுருங்களேன்," என்றார் பல் டாக்டர்.

டிரைவர் தலையை ஆட்டினார். "திருடர் ஜன்னல் வழியாக எழுந்தருளினார்னு வரும். பரவாயில்லையா?"

மேலாளரை 'அவன்' ஆக்குவதைத் தவிர வழியில்லை. அன்றிலிருந்து எழுத்து நின்றுபோயிற்று. பஸ்ஸில் நோட்டைத் திறப்பாள், 'அவர்' வரும் இடத்தில் பேனாவை வைப்பாள், இறங்கும் நிறுத்தம் வந்துவிடும். இரண்டு மாதம் இப்படியே. டிரைவர் கண்ணாடியில் பார்ப்பார். தடுமாறாமல் எழுதட்டும் என்று பள்ளங்களை மட்டும் ஒதுக்கி ஓட்டினார்.

"கை வரமாட்டேங்குதுடி," என்றாள் மகளிடம்.

மகள் தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். நோட்டு முழுவதையும் நாலு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மடிக்கணினியில் ஏற்றினாள். அப்பாவிடம் அது ஆஸ்பத்திரி வேலை என்று அவளே சொல்லிவைத்தாள். பிறகு 'ர்' வரும் இடமெல்லாம் 'ன்' போடு என்று ஒரே கட்டளை. ஒரு வினாடியில் முடிந்தது. "இந்தா, உனக்குக் கையே வேணாம்," என்று திரையைத் திருப்பினாள்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். "டாக்டன் தண்ணீன் குடித்தான்."

மகள் எட்டிப் பார்த்தாள்.

"சுவன் ஓரமாகக் கான் நின்றது. அவள் உயின் போயிருந்தது." அம்மா நிறுத்தி மூச்சு வாங்கினாள். "அடிப்பாவி, உயிரையே எடுத்துட்டியே. இங்க பாரு, 'அவரை' மட்டும் அப்படியே இருக்கு. பந்தல் போட்டுக் காய் பறிக்கலாம்."

மகள் வேலையில் இதுவரை ஒரு கருவியையும் தவறாகச் சரிபார்த்ததில்லை. 'ர்' என்பது வினைமுற்றில் மட்டும் வருவதில்லை என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அம்மா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். அப்படி அவள் சிரித்து மகள் பார்த்து வருடக்கணக்கில் ஆகியிருந்தது.

"என்ன சிரிப்பு அங்க?" என்றார் அப்பா.

"தண்ணீன் குடிக்கிறோங்க," என்றாள் அம்மா. சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.  உள்ளே செய்தித்தாள் புரளும் ஓசை கேட்டது.

மறுநாள் பஸ்ஸில் கை வந்தது. சிவப்புப் பேனாவால் ஒவ்வொன்றாக அடித்து, மேலே எழுதினாள். எழுந்தார், எழுந்தான். பூட்டினார், பூட்டினான். மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு இடம். மூன்று வாரம் பிடித்தது. கடைசி இடத்தைத் திருத்திய அன்று மகளுக்கு போன் செய்து, "அவன் ஆக்கியாச்சு," என்றாள்.

மிச்சம் கடைசி அத்தியாயம். துப்பறிகிறவள் மேலாளனை எதிரே உட்காரவைத்து ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள்: ஏன் பூட்டினாய்? அந்த இடத்தில் கதை மறுபடி நின்றது. மேலாளன் பதில் சொல்லவில்லை. அம்மா அவனுக்குப் பொறாமை கொடுத்துப் பார்த்தாள், பயம் கொடுத்துப் பார்த்தாள், பழைய ரகசியம் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தாள். எல்லாவற்றையும் அடித்துவிட்டாள். "பொய்யா இருக்குடி. அவன் இதுக்கெல்லாம் பூட்டற ஆள் இல்ல."

வியாழக்கிழமை மதியம் மூன்றாவது அடுக்குக்கும் நாலாவது அடுக்குக்கும் நடுவில் அவளைக் கண்டெடுத்தார்கள். மாரடைப்பு. கதவு திறந்துதான் இருந்தது. மகள் அதை இரண்டு பேரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டாள்.

ஒன்பது நாள் கழித்து, சனிக்கிழமை, மகள் நோட்டை எடுத்துக்கொண்டு நூலக மாடிக்குப் போனாள். போட்டிக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. டிரைவர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். பல் டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் விடவில்லை.

"முடிவு மட்டும் இல்ல," என்றாள் மகள். "நீங்க யாராவது எழுதித் தர முடியுமா?"

டிரைவர் பல் டாக்டரைப் பார்த்தார். பல் டாக்டர்தான் பேசினார். "எழுதலாம்மா. ஒரு காரணம்தானே, போட்டுடலாம். ஆனா அது நாங்க போட்ட காரணமா இருக்கும்."

"போன சனிக்கு முந்தின சனி நான் ஒண்ணு சொன்னேன்," என்றார் டிரைவர். "உக்காந்து யோசிச்சா வராதுக்கா, இப்படி ஒரு ஆள் உங்களுக்குத் தெரிஞ்சவரா இருந்தா நேரா கேட்டுருங்கன்னேன். தெரிஞ்சவர்தான்னாங்க. யாருன்னு நான் கேக்கல. அக்காவும் சொல்லல."

மகள் நோட்டைப் புரட்டினாள். பின் அட்டையின் உட்பக்கத்தில் அம்மா வாராவாரம் செய்ய வேண்டியவற்றை எழுதி, செய்து முடித்ததும் ஒரு கோடு இழுப்பாள். கடைசி வாரத்தில் மூன்று வரிகள் இருந்தன. பேனா மை வாங்க. கோடு இழுத்திருந்தது. கண்ணாடி திருகு மாற்ற. கோடு இழுத்திருந்தது. மூன்றாவது வரியில் கோடு இல்லை.

ஞாயிறு, அவள் வந்திருக்கும்போது, இவரிடம் கேட்க வேண்டும்: ஏன் பூட்டுகிறீர்கள்.