சினை ஆட்டுக்கு லீவு உண்டு

ஆட்டுக்கு அவசரமாகப் பிரசவ வலியை வரவழைப்பது எங்கள் தொழில். பெண்களுக்குக் குறைப்பிரசவம் ஏன் வருகிறது என்று கண்டுபிடிக்க, விருதுநகர்ப் பக்கம் ஓர் ஆராய்ச்சிக் கொட்டகையில் பன்னிரண்டு சினை ஆடுகள். தீவனம் வைக்க, பதினேழு வயதில் நான். யார் குரலும் என் வாய்க்கு வரும். வேலை பார்க்கும் இடத்தில் வாயைக் கட்டத் தெரியாத சக பாவிகளே, கேளுங்கள்.

ஊசி

டாக்டரம்மா ஓர் ஆட்டுக்கு ஊசி போட்டார். எதுக்கு என்றேன். "தானா குறைப்பிரசவம் ஆகிற ஆடு அபூர்வம் தம்பி. நாமதான் வர வைக்கணும்."

நாரணாபுரத்தில் எங்கள் தெருவில் அது தானாகவே வரும். பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் பார்க்கும் என் அக்காவுக்கே போன வருஷம் ஏழாம் மாதத்தில் ஒன்று தங்காமல் போனது. இப்போது மறுபடி ஆறு மாதம். வீட்டில் டாக்டரம்மா மாதிரியே பேசிக் காட்டினேன். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஏலே, அந்தம்மாவ எங்க கம்பெனிக்கு வரச் சொல்லு. ஊசியே வேண்டாம்."

போர்டு

கொட்டகைச் சுவரில் ஒரு போர்டு: சத்தம் கூடாது, நெடி கூடாது, அலைக்கழிக்கக் கூடாது, தீவனம் நேரத்துக்கு வைக்கவும். ஒருநாள் சும்மா இருக்க மாட்டாமல், தாயைத் தொலைத்த குட்டி மாதிரி கத்திவிட்டேன். பன்னிரண்டும் துள்ளி எழுந்து குட்டியைத் தேடின. டாக்டரம்மா ஓடி வந்து என் காதைத் திருகினார். "வயித்துப் பிள்ளைக்காரிகள இப்படியா பதற வைப்பே? மனுசனாடா நீ?"

போன்

தீபாவளி சீசன். அக்காவுக்கு ஏழாம் மாதம் தொடங்கிவிட்டது. காலும் முகமும் வீங்கிக் கிடந்தன. லீவு கேட்டாள், போர்மேன் தரவில்லை. பூத்திலிருந்து டாக்டரம்மா குரலில், அக்காவுக்கு வைத்தியம் பார்க்கிறவர் போல, அவருக்குப் போன் போட்டேன். என்ன சொல்வதென்று தெரியாமல் போர்டை அப்படியே ஒப்பித்தேன். சத்தம் கூடாது. நெடி கூடாது. அலைக்கழிக்கக் கூடாது.

"சரிங்கம்மா, சரிங்கம்மா" என்று குழைந்தார் மனுஷன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை: "தீவனம் நேரத்துக்கு வைங்க."

 போர்மேனின் குழைவு போய்விட்டது: "ஏலே, நீ அந்த ஆட்டுக் கொட்டகைப் பயதான? உங்கக்கா ஆடா இருந்தா லீவு விட்டிருப்பேன்லே. அம்புட்டு லோடு கிடக்கு, போனை வையி."

குரல்

நாலாம் நாள் பேக்கிங் அறையிலேயே வலி வந்தது. ஆஸ்பத்திரியில் பிறந்த பெண் பிள்ளை அழவே இல்லை.  வீட்டுக்கு வந்த மூணாம் நாள் அக்கா என்னைக் கூப்பிட்டாள். "ஏலே, உனக்குத்தான் எல்லாக் குரலும் வருமே. எம்பிள்ள அழுதிருந்தா எப்படி இருந்திருக்கும்? ஒருக்கா அழுது காட்டு."

குறைப்பிரசவத்தைத் தடுக்க வழி என்ன என்று டாக்டரம்மா இன்னும் ஊசியும் கையுமாகத் தேடிக்கொண்டுதான் இருக்கிறார், பாதி வழி அவர் கொட்டகைச் சுவரிலேயே எழுதித் தொங்குகிறது.