பேப்பர் அக்காவின் ஏழாம் பக்கம்

நேற்றைய செய்தித்தாளைப் படகின் அடிப்பலகை மேல் விரித்து, உள்ளங்கையால் சுருக்கம் நீவி, அதன் ஓரத்திலேயே புடவையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் பேப்பர் அக்கா. பிறகுதான் துடுப்பு பிடித்திருப்பவரை நிமிர்ந்து பார்த்தார். "ம், விடுங்க. நடு ஆறு வரைக்கும் போயி ஒரு சுத்து சுத்திட்டு வாங்க. அவசரம் ஒண்ணுமில்ல, நான் படிச்சுக்கிட்டு வரேன்."

சொன்னபடி படிக்கவும் செய்வார். முதல் பக்கத் தலைப்பில் தொடங்கி வரி வரியாக இறங்குவார். ஆனால் கண் செய்தியில் பாதி, தாளில் பாதி. பலகை இடுக்கில் எங்கே தண்ணீர் கசிந்தாலும் மற்றவர் கண்ணில் படுவதற்கு முன்னால் தாளில் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு கிளம்பிவிடும். கரை சேர்ந்ததும் காதில் செருகிய பென்சிலை எடுத்து ஒவ்வொரு திட்டையும் சுற்றி வட்டம் போட்டுப் படகுக்காரரிடம் காட்டுவார். "பாருங்க, உங்க படகோட எக்ஸ்ரே. இந்த இடத்துல லேசா மூக்கு ஒழுகுது. மத்தபடி உடம்பு நல்லாத்தான் இருக்கு."

அவருடைய உத்தியோகத்துக்கு ஒரு நீளமான பெயர் உண்டு. பழங்காலத்துச் சிறு படகுகளைப் பேணுவதற்காக ஒரு மரவியாபாரி விட்டுப்போன நிதியில் கள அலுவலர். அந்தப் பெயரைச் சொல்லிக் கரையில் விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. "பேப்பர் அக்காவா? இப்பத்தான் அந்தப் பக்கம் போனாங்க" என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

நிதியின் அலுவலகம் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருக்கிறது. இரண்டே அறைகள். ஒன்றில் இரும்பு பீரோவும் அக்காவும், இன்னொன்றில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பொம்மைப் படகும் குழுத் தலைவரும். தலைவர் ஓய்வுபெற்ற கண் டாக்டர். கீழே யாராவது இருமல் மருந்து பாட்டிலைத் தவறவிட்டால் மாடி முழுக்க நாள் பூராவும் அந்த வாசனைதான். பழைய முறையில் கட்டிய படகைப் பழுது பார்க்க முதல் தவணை கொடுப்பார்கள், வேலை சரியாக நடந்திருந்தால், குழு கூடித் தலைவர் கையெழுத்து போட்டதும், இரண்டாம் தவணை. இருக்கிற விதிகளில் முக்கியமானது ஒன்றுதான்: படகு மிதக்க வேண்டும். மரவியாபாரி ரொம்பக் கறாரான மனிதராக இருந்திருக்க வேண்டும். கூடத்தில் வைத்து அழகு பார்க்கிற படகுக்குத் தன் பணம் போகக்கூடாது என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அந்த விதியைச் சோதிக்கிற அக்காவுக்கு நீச்சல் தெரியாது. அதில் வேடிக்கை என்னவென்றால், அக்காவின் கணவர் நகராட்சி நீச்சல் குளத்தில் பயிற்சியாளர். ஊரில் பாதிப் பேர் அவர் கையைப் பிடித்துத் தண்ணீரில் இறங்கியவர்கள். "ஊரே நீந்துது. என் வீட்டுல மட்டும் தண்ணின்னா குடிக்கவும் துவைக்கவும்தான்" என்று அவர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். அக்காவும் சளைக்க மாட்டார். "நீங்க ஆளை மிதக்க விடுறீங்க, நான் பலகையை மிதக்க விடுறேன். அவங்கவங்க வேலையை அவங்கவங்க பார்ப்போம்." கல்யாணமான புதிதில் ஒரே ஒரு நாள் குளத்தில் இறக்கிப் பார்த்தாராம். அக்கா பிடித்த பிடியில் கணவரின் தோளில் நகம் பதிந்து, மறுநாள் அவர் சட்டை போட்டுக்கொண்டே பாடம் நடத்த வேண்டியதாகிவிட்டது.

அந்தப் பிடி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. படகில் உட்கார்ந்தது முதல் இறங்குகிற வரை அக்காவின் இடது கை விளிம்புப் பலகையை விடாது. புத்தம் புதுப் படகானாலும் சரி, முழங்கால் அளவுத் தண்ணீரானாலும் சரி. காற்று அள்ளிக்கொண்டு போகாதபடி வலது கை தாளை அழுத்திக்கொண்டிருக்கும். ஆக, பக்கம் புரட்டக் கை கிடையாது. செய்தி சுவாரசியமாக ஒரு கட்டத்துக்கு வரும், 'தொடர்ச்சி ஏழாம் பக்கம்' என்று நிற்கும், அக்காவும் அங்கேயே நின்றுவிடுவார். சோதனை முடிந்த தாள் வட்டங்களோடு நேராகக் கோப்புக்குள் போய்விடும். எத்தனையோ திருடர்கள் பிடிபட்டார்களா இல்லையா என்பதே அவருக்குத் தெரியாது. "பிடிபட்டிருப்பான்னு வச்சுக்குவோம்" என்று பெரிய மனதோடு விட்டுவிடுவார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. படகுகளைப் பற்றி வீட்டுப் பிள்ளைகளைப் போலப் பேசுவார். ஒன்றுக்கு மூக்கு ஒழுகும், இன்னொன்றுக்கு முதுகு வலிக்கும், வேறொன்று "கொஞ்சம் சோம்பேறி, ஆனா தங்கமானது". இதை அப்படியே அறிக்கையிலும் எழுதிவைப்பார். தலைவர் சிவப்பு மையால் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவார். டாக்டருக்கு உடம்பைப் பற்றிய பேச்சு படகுக்குப் போவது பிடிக்காது.

இந்த அடித்தலால்தான் காய்கறிக்காரரின் படகுக்கு ஆபத்து வந்தது.

காய்கறிக்காரர் அக்கரைத் தோட்டங்களிலிருந்து இக்கரைச் சந்தைக்குத் தினமும் மூட்டை ஏற்றி வருகிறவர். முதல் தவணையில் படகின் அடிப்பாகத்தைப் புதுப்பித்துவிட்டார். பக்கப் பலகைகளுக்கு இரண்டாம் தவணை வர வேண்டும். அது வராவிட்டால் மழைக்காலத்து ஆற்றில் அந்தப் படகு சுமை தாங்காது. கரையோரத்தில் புதிதாகத் திறந்த ஓட்டல்காரர் வேறு அதன் மேல் கண் வைத்திருந்தார். புல்வெளியில் நிறுத்தி, உள்ளே மண் கொட்டிப் பூச்செடி வைக்க அவருக்கு ஒரு பழைய படகு வேண்டுமாம். "செடி வைக்கவா? அதுக்கு ஒரு தொட்டி வாங்கிக்கலாமே" என்று அக்கா கேட்டபோது அந்த மனிதர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

சோதனை நாளன்று அக்கா போனபோது படகு மாப்பிள்ளை மாதிரி நின்றது. காய்கறிக்காரரின் மச்சான் சுவரில் விளம்பரம் எழுதுகிறவர். கிடைத்தது வாய்ப்பு என்று நீலமும் மஞ்சளுமாக வெளுத்து வாங்கியிருந்தார். முகப்பில் ஒரு மீன், வாலில் இன்னொரு மீன். மூட்டைக்கு இரவல் படகு பிடித்துக்கொண்டு, இதை வெயில் காலம் முழுக்கத் தகரக் கொட்டகையில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் காத்து வைத்திருந்தார்கள்.

"தண்ணியில விட்டா பெயிண்ட் போயிடுமேன்னுதான் அக்கா, நீங்க வந்து பார்க்கணும்னு..." என்றார் மச்சான்.

அக்கா காய்கறிக்காரரைப் பார்த்தார். அவர் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தார். காய்ந்த மரம் சுருங்கும், இடுக்கு வாய் திறக்கும் என்பது பிறந்தது முதல் ஆற்றில் கிடக்கிற அவருக்கா தெரியாது? தெரியும். ஆனால் ஆபீசிலிருந்து ஆள் வருகிறது என்றவுடன் தெரிந்ததெல்லாம் பயத்தில் மறந்துபோய், கல்யாணப் பெண்ணை அலங்கரிப்பது போல அலங்கரித்து வைத்துவிட்டார்.

கரையை விட்டு நாலு துடுப்பு போடுவதற்குள் தாள் கூழாகிவிட்டது. அக்கா தலைப்புச் செய்தியைக்கூட முடிக்கவில்லை. புடவை நனைந்து, இடது கை விளிம்பில் இறுகி, முகத்தில் ஈயாடவில்லை. "திருப்புங்க, திருப்புங்க, திருப்புங்க" என்பது மட்டும் வாயில் வந்தது.

கரையில் கால் பட்டதும் மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் புத்தி வந்தது. "இதுக்கு நோவு ஒண்ணுமில்ல. தாகம். அவ்வளவுதான். கல்லை ஏத்தி முக்கி வைங்க. அடுத்த வாரம் குழு கூடுது, அதுக்குள்ள மரம் தண்ணி குடிச்சு உப்பிடும்."

"முக்கவா?" என்றார் மச்சான். அழாத குறை.

"முகப்பு மட்டும் வெளிய தெரியுற மாதிரி முக்குங்க. உங்க மீன் ஒண்ணாவது நனையாம இருக்கட்டும்."

போன இடத்தில் படம் எடுத்து அனுப்புவது அலுவலக வழக்கம். அக்காவும் எடுத்தார். கழுத்து வரை தண்ணீருக்குள் படகு, மேலே எட்டிப் பார்க்கிற ஒரு மஞ்சள் மீன், பக்கத்தில் இழவு வீட்டு முகத்தோடு மச்சான். கீழே ஒரு வரி எழுதினார்: 'நலமாக உள்ளது. தாகம் தீர்த்துக்கொள்கிறது.' அந்த வரியைத் தலைவர் வழக்கம்போல அடித்துவிட்டார். அடித்த பிறகு மிஞ்சியது படம் மட்டும்தான்.

"என்னம்மா இது, படகு மூழ்கிடுச்சு" என்றார் தலைவர், மறுநாள் காலை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு. "இருக்கறதுல முக்கியமான விதி ஒண்ணு. அதையும் மீறியாச்சு."

"மூழ்கல சார். மூழ்க வச்சிருக்கோம்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"விழுந்து கிடக்கறவனுக்கும் படுத்துத் தூங்கறவனுக்கும் உள்ள வித்தியாசம்தான் சார்."

தலைவர் சிரித்துவிட்டார். ஆனாலும் சிவப்புப் பேனாவைக் கீழே வைக்கவில்லை. "நான் கண் டாக்டர்ம்மா. கண்ணால பார்க்காம எதுலயும் கையெழுத்து போட்டதில்ல."

"பார்த்தா பத்தாது சார். வந்து உட்காருங்க."

வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகுதான் அக்கா யோசித்தார். மரம் உப்பியிருக்காவிட்டால்? இன்னும் இரண்டு நாள் ஊற வேண்டியிருந்தால்? அன்று இரவுச் சாப்பாட்டின்போது கணவர் கேட்டார், "என்ன, ஆத்துல விழுந்த மாதிரி உட்கார்ந்திருக்கே?" அக்கா பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். அவர் வீட்டில் அது ஒரு அதிசயம்.

குழு கூடுகிற நாள் காலையில் கல்லை இறக்கி, தண்ணீரை இறைத்து, படகை ஆற்றில் விட்டார்கள். பெயிண்ட் அங்கங்கே உரிந்திருந்தது. வால்பக்கத்து மீனுக்குச் செதிலே இல்லை. மச்சான் அந்தப் பக்கமே திரும்பவில்லை. அக்கா செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு ஏறினார், தாளை விரித்தார், தனக்கு எதிரே தலைவருக்கும் ஒரு தாள் விரித்தார். தலைவர் உட்கார்ந்த வேகத்தில் இரண்டு கையாலும் இரண்டு பக்க விளிம்பையும் பிடித்துக்கொண்டார். காய்கறிக்காரர் துடுப்பைப் போட்டார்.

முதல் பக்கத்தில் ஒரு கிளியின் கதை இருந்தது. ஒரு தபால்காரர் வீட்டிலிருந்து பறந்துபோன கிளி வெகுகாலம் கழித்துத் தானாகவே திரும்பி வந்து, ஜன்னலில் உட்கார்ந்து, வீட்டாரைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னதாம். அது என்ன வார்த்தை என்றால், தொடர்ச்சி ஏழாம் பக்கம்.

நடு ஆறு வந்தது. தாளில் ஒரு திட்டு இல்லை. படகு ஒரு சுற்று சுற்றியது. அப்போதும் இல்லை. காய்கறிக்காரரின் முகத்தில் மெல்ல ரத்தம் ஊறியது. அக்காவுக்குச் சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. அத்தனை சந்தோஷம்.

"தாள் காய்ஞ்சுதான் இருக்கு, ஒத்துக்கறேன்" என்றார் தலைவர். பிறகு அக்காவின் இடது கையைக் காட்டினார். "ஆனா ஏறினதுலேருந்து பார்க்கறேன், நீங்க விளிம்பை விடவே இல்லையே. உங்களுக்கே நம்பிக்கை இல்லாத படகுக்கு நான் எப்படிம்மா கையெழுத்து போடறது?"

துடுப்பு பாதியில் நின்றது. அந்தக் கையைப் பற்றிக் கரையில் எல்லாருக்கும் தெரியும், தலைவருக்கு மட்டும் தெரியாது. எனக்கு நீச்சல் தெரியாது சார், இது என் பயம், படகு மேல் குற்றமில்லை என்று அக்கா சொல்லியிருக்கலாம். சொல்ல வாயைத் திறந்தார். இந்த நேரத்தில் அது சாக்கு மாதிரிதான் கேட்கும் என்று பட்டது. கரையில் ஓட்டலின் பச்சைப் புல்வெளி தெரிந்தது.

சுண்டுவிரல் முதலில் விட்டது. அதன் பிறகு மற்ற விரல்கள். உள்ளங்கையில் பலகையின் விளிம்பு வெள்ளைக் கோடாகப் பதிந்திருந்தது. அக்கா அதைப் புடவையில் துடைத்துக்கொண்டார். இரண்டு கையாலும் தாளை எடுத்தார், அது மொடமொடவென்று சத்தம் போட்டது. விரலை நாக்கில் தொட்டு, ஏழாம் பக்கத்தைப் புரட்டினார்.